நான்கு விரல் இடைவெளி

கோவில்பட்டி புறவழிச்சாலையில் ஒருவர் டயர் கடை வைத்திருந்தார். ஒடிசலான ஆள், விரல்கள் மட்டும் அகலம். எந்தக் கார் வந்தாலும் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே நான்கு விரல்களை நுழைத்துப் பார்ப்பார்.

குளத்தூர்ப் பக்கம் தனியாக இருக்கும் நோயாளி அக்காவை மழைக்காலச் சேற்றிலும் ஆஸ்பத்திரிக்கு அழைத்து வர வேண்டுமென்று அகல டயர் கேட்டேன். கம்பெனி ரிம்முக்கு எந்த அகலம் வரை பொருந்தும் என்ற அட்டவணையின் நகலையும் நீட்டினேன். முப்பது வருடம் ஆபீசில் விதிமுறைகளோடு குடும்பம் நடத்தியவன் நான்.

விரல்களை நுழைத்தார். "ரிம்முக்குப் பொருந்தும் அண்ணாச்சி. கரிசலுக்குப் பொருந்தாது. அப்புன மண்ணு கீழ விழ எடம் வேணும்லா?"

"அட்டவணைல மண்ணுன்னு ஒரு கட்டமே இல்லையே."

"அதத்தான நானும் சொல்லுதேன்."

வேறு கடையில் அகல டயரையே மாட்டிக்கொண்டேன். ஐப்பசி மழையில், அக்கா வீட்டுப் பாதையில், டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே கரிசல் அடைத்து முன்சக்கரங்கள் சுழலாமல் நின்றன. அக்கா டிராக்டரில் ஆஸ்பத்திரி போனாள். பிழைத்தாள், இன்றும் என்னைப் பார்த்தால் டிராக்டரைப் புகழ்கிறாள்.

மறுபடி அவரிடமே போனேன். பழைய அளவு டயரை மாட்டினார், விரல்களை நுழைத்துப் பார்த்தார், "போய்ட்டு வாங்க அண்ணாச்சி" என்றார். அவ்வளவுதான். குத்திக்காட்டுவார் என்று மூன்று பத்தியில் பதில் தயாரித்துப் போயிருந்தேன். அது இன்னும் என்னிடமே இருக்கிறது.