அத்தை படித்த காகிதம்

எங்கள் காலத்தில் பஞ்சாலை வாசலில் கைநாட்டு வாங்குகிற விதமே தனி. பெண்கள் தாங்களாக விரலை வைக்கக் கூடாது. மேஸ்திரிதான் அவர்கள் கையைப் பிடித்து, கட்டை விரலை மையில் அழுத்தி, காகிதத்தில் ஒற்றுவார். மாட்டுக்குச் சூடு வைப்பதுபோல. என்ன காகிதம் என்று யாரும் கேட்டதில்லை.

எங்கள் ஊரை விட்டுப் பிரெஞ்சுக்காரர்கள் போய் இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். நான் மூன்றாம் வகுப்பு. அப்பாவின் அக்கா, அதாவது என் அத்தை, ஆலையில் நூல் சுற்றும் வேலை பார்த்தாள். சங்கத்துக்கு ஆள் சேர்த்ததற்காக ஆலையிலிருந்து நீக்கப்பட்ட நெசவுக்காரர் ஒருவர், ஞாயிற்றுக்கிழமைகளில் வைத்திக்குப்பத்துக் கரையில் அவளைப் போன்றவர்களுக்குப் பாடம் நடத்தினார். கரும்பலகை கிடையாது. கவிழ்த்துப் போட்ட படகின் பலகையில் சுண்ணாம்புக்கட்டியால் எழுதுவார். "மீனுக்கும் சேத்து சொல்லிக் குடு வாத்தியாரே" என்று வலை உலர்த்துகிறவர்கள் கேலி செய்வார்கள். அவர் முதலில் சொல்லிக் கொடுத்தது அம்மா, ஆடு அல்ல. 'சம்மதம்' என்ற சொல்லை. கைநாட்டுக் காகிதம் எல்லாவற்றிலும் அதுதான் இருக்குமாம்.

தீபாவளிக்கு முந்தி ஒரு மத்தியானம் அத்தைக்குச் சோறு கொண்டுபோனேன். வாசலில் பெண்கள் வரிசை. ஆளுக்கொரு காகிதம். தீபாவளிச் சேலைக்குப் பெயர் எழுதுவதாக மேஸ்திரி சொல்லியிருந்தார். அத்தையின் முறை வந்ததும் அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"படிச்சிட்டு வெக்கிறேன் மேஸ்திரி."

"படி தாயி. சங்கு ஊதறதுக்குள்ள முடிப்பியா?"

வரிசையே சிரித்தது. அத்தை காகிதத்தை வாங்கி ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினாள். கழுத்தெல்லாம் வியர்வை. ஒரு சொல்லுக்கே அத்தனை நேரம். எனக்கு மானம் போனது. காகிதத்தை வெடுக்கென்று பிடுங்கி, பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதுபோல் ஒரே மூச்சில் படித்தேன். தினம் பத்து மணி நேரம் வேலை செய்ய எனக்கு முழுச் சம்மதம் என்று இருந்தது. சேலை என்ற பேச்சே அதில் இல்லை.

பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே எட்டு மணி நேர வேலை கேட்டு, துப்பாக்கிச் சூட்டில் உயிரைக் கொடுத்த ஆலைக்காரர்களின் ஊர் இது, பிள்ளைகளே. அதைச் சேலையைக் காட்டித் திருடப் பார்த்தார்கள்.

மேஸ்திரி அசரவில்லை. "பொடிப்பய, தப்பும் தவறுமா உளர்றான்" என்றார். பெண்களும் அதை நம்பினார்கள். அடுத்து நின்றவள் கையை நீட்டியே விட்டாள். அத்தை என் தலையில் ஓங்கி ஒரு குட்டு வைத்தாள். காகிதத்தைப் பறித்துக்கொண்டு முதல் எழுத்திலிருந்து மறுபடி தொடங்கினாள். தினம். பத்து. மணி. ஆலைச் சங்கு ஊதியது. அவள் நிறுத்தவில்லை. 'சம்மதம்' வந்தபோது மட்டும் திக்காமல் படித்தாள். நீட்டிய கை முந்தானைக்குள் போனது. அதற்குப் பிறகு அன்று ஒரு விரலும் மையில் படவில்லை.

மறுநாள் அத்தையை ஆலைக்குள் விடவில்லை. வீட்டில் எல்லோரும் அந்த வாத்தியாரைத் திட்டித் தீர்த்தார்கள். எனக்கோ குட்டு வாங்கிய கோபம். நான் படித்ததைத்தானே நீயும் படித்தாய் என்று அத்தையிடம் சண்டைக்குப் போனேன்.

"அதேதான்டா" என்றாள்.

அதே காகிதம், அதே சொற்கள். கடகடவென்று படித்த என்னை விட்டுவிட்டு, தட்டுத் தடுமாறிப் படித்தவளை ஏன் வெளியே தள்ளினார்கள் என்று எனக்கு வெகுநாள் விளங்கவில்லை. நான் படித்ததைக் கேட்டு அந்த ஆலையில் ஒருவரும் பயப்படவில்லை.