பின் சீட்டில் மூன்று பிற்பகல்

கார்களுக்கு மின்வேலை செய்யும் அவளை அந்த வட்டாரத்தில் எல்லோரும் மீட்டரக்கா என்றுதான் அழைத்தார்கள். மேல்கோட்டுப் பையில் மின்சாரம் அளக்கும் ஒரு மஞ்சள் மீட்டர் எப்போதும் இருக்கும். எந்த வயரானாலும் அதை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கை வைப்பாள். அறுபது வயதுக்காரர்கூட, "அக்கா, ஹெட்லைட் மங்கலா எரியுது" என்று வந்து நிற்பார். ஐந்து பிள்ளைகளில் மூத்தவளாகப் பிறந்ததால் வீட்டிலும் அவள் அக்காதான். அவளுடைய கணவர் அதே கொட்டகையின் மறுபக்கத்தில் நசுங்கிய கதவுகளைத் தட்டி நிமிர்த்துபவர். "கட்டிக்கிட்டதால தப்பிச்சேன். இல்லன்னா நானும் அக்கான்னுதான் கூப்பிட்டிருக்கணும்" என்பார்.

கல்யாணத்துக்கு முன் அவள் ஒரு ரேடியோ தொழிற்சாலையில் ஈயப் பற்று வைக்கும் வேலை பார்த்தாள். தொழிற்சாலையை மூடிய பிறகு கணவருக்குச் சாப்பாடு கொண்டுவந்து கொடுக்கப் போய், அங்கே ஒரு வண்டியின் சிக்னல் விளக்கு ஏன் எரியவில்லை என்று கண்டுபிடித்துச் சொன்னாள். மறுநாளிலிருந்து சாப்பாட்டை இரண்டு பேருக்கும் சேர்த்துக் கட்டிக்கொண்டு வந்தாள். இருபத்திரண்டு வருடங்களாக அப்படித்தான்.

அந்த வெளிர்பச்சைக் கார் கொட்டகைக்கு வந்தபோது அதற்கு இருபத்தாறு வயது. ஓட்டி வந்தவர் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். பின் சீட்டில் அவர் மனைவி மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"முப்பத்தியொரு வருஷம் பஸ் ஓட்டினேம்மா. ஒரு நாள்கூடப் பயணிகளை நடுவழியில இறக்கிவிட்டதில்ல. இப்போ எனக்கு இருக்கறது ஒரே பயணி. அவளை வாரத்துக்கு ரெண்டு தடவை இறக்கிவிட வேண்டியதா இருக்கு" என்றார்.

அந்த அம்மாவுக்கு மூன்று வருடங்களாக மறதி நோய் முற்றிக்கொண்டிருந்தது. பிற்பகல் நான்கு மணியானால் இருப்புக் கொள்ளாது. சொந்த வீட்டுக் கூடத்தில் நின்றுகொண்டே, "வீட்டுக்குப் போகணும், கூட்டிட்டுப் போங்க" என்று அழுவார். காரில் ஏற்றி ஒரு மணி நேரம் சுற்றிவிட்டு அதே வாசலில் கொண்டுவந்து நிறுத்தினால், "அப்பாடா, வந்துட்டோம்" என்று சிரித்துக்கொண்டே இறங்குவார். டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரைகளைவிட அந்தக் கார்தான் அவருக்குக் கைகொடுத்தது. அதுதான் இப்போது ஓடிக்கொண்டிருக்கும்போதே அணைந்துவிடுகிறது. அரை மணி நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காததுபோலக் கிளம்புகிறது. இரண்டு பட்டறைகளில் பெட்ரோல் பம்பையும் பிளக்குகளையும் மாற்றியாகிவிட்டது. புதுக் கார்களைப் போலக் கணினிக் கருவியை மாட்டிக் கேட்டால் தன் குறையைச் சொல்லும் வண்டியும் அல்ல அது.

மீட்டரக்கா இரண்டு நாள் பார்த்தாள். பிளக்குகளுக்கு மின்பொறி அனுப்பும் ‘காயில்’ என்ற கம்பிச்சுருள் பழசாகி, ஓரத்தில் விரிசல் விட்டிருந்தது. அதை மாற்றினாள். பானட்டைத் திறந்து வைத்து ஒரு மணி நேரம் என்ஜினை ஓடவிட்டாள். ஒரு திணறல்கூட இல்லை. "சரியாயிடுச்சு, தைரியமா எடுத்துட்டுப் போங்க" என்றாள்.

நான்காம் நாள் காலை அவர் மறுபடியும் வந்தார். சத்தம் போடவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

"நேத்து கடைத்தெருவுல நின்னுடுச்சும்மா. நான் இறங்கிப் பானட்டைத் தூக்கிப் பார்த்தேன். மூடிட்டுத் திரும்பினா பின் சீட்டுல ஆளைக் காணோம்."

மீட்டரக்கா ஸ்பேனரைக் கீழே வைத்தாள்.

"ரெண்டு மணி நேரம் தேடினேன். கடைசியில துணி தேய்க்கிற கடையில உட்கார்ந்து சட்டைகளை மடிச்சிட்டிருந்தா. அந்தக் கடைக்காரர் நல்ல மனுஷன், நாற்காலி போட்டுக் கொடுத்திருக்கார். எப்பவும் பின் கதவைப் பூட்டிட்டுத்தான் இறங்குவேன். நீங்க சரியாயிடுச்சுன்னு சொன்னீங்களா, நேத்து எனக்கே அது தோணல."

அவர் குறை சொல்லவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அன்று மதியம் சாப்பாட்டு டப்பாவை அவள் திறக்கவேயில்லை. கணவர் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"எங்க தப்பு பண்ணினேன்னு தெரிஞ்சுடுச்சு" என்றாள் அவள். "பானட்டைத் திறந்து வெச்சு ஓட்டிப் பார்த்தேன். உள்ள காத்து போச்சு. சூடு ஏறவே இல்ல. மூடிட்டு ரோட்டுல ஓடும்போதுதான் அது நிக்குது."

"அப்போ ரோட்டுல போய்ப் பாரு."

"கடையை யாரு பார்ப்பா?"

"இத்தனை நாளா நான் என்ன வேடிக்கையா பார்த்துட்டிருந்தேன்? போ."

அவளுடைய சந்தேகம் இப்போது கட்டைவிரல் அளவே உள்ள ஒரு சென்சார்மேல் விழுந்தது. என்ஜின் சுற்றுவதைப் பார்த்து, எந்த நொடியில் பொறி வேண்டும் என்று தகவல் அனுப்புவது அதன் வேலை. அது வாயை மூடிக்கொண்டால் பொறியும் வராது, பெட்ரோலும் வராது. ஆனால் சந்தேகத்தை நம்பி ஒருமுறை பட்டது போதும் என்றிருந்தது அவளுக்கு. சென்சாரிலிருந்து இரண்டு நீள வயர்களைக் கிளையாக எடுத்து, ஜன்னல் வழியாக உள்ளே இழுத்து, மீட்டரில் செருகினாள். காயிலுக்கு வரும் மின்சாரத்தைக் காட்ட ஒரு சின்ன விளக்கையும் கட்டினாள். நான்கு மணிக்கு, காரின் பின் சீட்டில் அந்த அம்மாவின் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள்.

அந்த அம்மா அவளை உற்றுப் பார்த்தார். பிறகு நகர்ந்து இடம் விட்டார்.

"வா தங்கச்சி. ஏன் இவ்வளவு லேட்டு?"

பிறந்ததிலிருந்து யாரும் அவளைத் தங்கச்சி என்று கூப்பிட்டதில்லை. "வேலை இருந்துச்சுக்கா" என்றாள்.

முதல் நாள் கார் நிற்கவில்லை. ஆற்றுப் பாலம் தாண்டி, மரக்கடைகள் தாண்டி, ஒரு மணி நேரம் ஓடியது. மீட்டரில் எண் சீராக இருந்தது. அந்த அம்மா அவளுடைய கையைப் பிரித்துப் பார்த்து, "என்ன இவ்வளவு கரி? சோப்புப் போட்டுக் கழுவ மாட்டியா?" என்று கடிந்துகொண்டு, தன் கைக்குட்டையால் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். பத்து விரலும் முடிவதற்குள் வீடு வந்துவிட்டது. இரண்டாம் நாளும் கார் நிற்கவில்லை. லேசான தூறல், என்ஜின் சூடாகவில்லை.

மூன்றாம் நாள் நல்ல வெயில். புறப்பட்டு நாற்பது நிமிடம் இருக்கும். அந்த அம்மா திடீரென்று குரலைத் தாழ்த்தினார்.

"தங்கச்சி, உன் கல்யாணத்துக்கு நான் வரல."

மீட்டரக்கா மீட்டரிலிருந்து கண்ணை எடுத்தாள். முன்சீட்டிலிருந்தவர் கண்ணாடியில் ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி சாலையைப் பார்த்தார்.

"அப்பா போகக் கூடாதுன்னு சொன்னார். நான் பேசாம இருந்துட்டேன். துணி மாத்திட்டு வாசல்ல வந்து நின்னேன். நின்னதோட சரி. நீ என்னைத் தேடியிருப்பேல்ல?"

"தேடினேன்க்கா."

"கோவமா?"

"அப்போ இருந்துச்சு. இப்போ இல்லக்கா. எப்பவோ போயிடுச்சு."

அந்த அம்மா அவளுடைய தோளில் தலையைச் சாய்த்தார். அந்த நேரம் பார்த்து என்ஜின் அணைந்தது. கார் கியரிலேயே உருண்டுகொண்டிருந்தது. அதனால் என்ஜினும் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. மீட்டரில் மட்டும் பூஜ்யம். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. காயிலுக்கு வரும் மின்சாரத்தில் குறையில்லை, காயிலோ புதுசு. சென்சார்தான் சூட்டில் செத்துப்போகிறது.

அவர் காரை ஓரம் கட்டினார். இந்த முறை பின் கதவுகள் பூட்டியிருந்தன. அவள் தோளைச் சட்டென்று எடுக்கவில்லை. கைப்பையைத் தலைக்கு அணைவாக வைத்துவிட்டு, டிரைவர் இறங்கி வந்து வெளியிலிருந்து கதவைத் திறந்துவிட, மெல்ல இறங்கினாள். ஈரத் துணியைச் சென்சார்மேல் சுற்றி வைத்தாள். ஐந்து நிமிடத்தில் மீட்டரில் மறுபடி எண் வந்தது, கார் கிளம்பியது.

பானட்டை மூடுமுன் அவள் தயங்கிக் கேட்டாள். "அய்யா, நான் பாட்டுக்குக் கோவமில்லன்னு சொல்லிட்டேன். அதைச் சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கு? உங்க மச்சினிச்சிக்குத் தெரிஞ்சா..."

"அது போய்ச் சேர்ந்து பதினோரு வருஷம் ஆச்சும்மா." அவர் துணியைப் பிழிந்தார். "சாகற வரைக்கும் ரெண்டு பேரும் நல்லாத்தான் பேசிட்டிருந்தாங்க. ஆனா கல்யாணப் பேச்சை மட்டும் ரெண்டு பேருமே எடுத்ததில்ல. இவ வாசல்ல வந்து நின்ன விஷயமே எனக்கு இன்னைக்குத்தான் தெரியும்."

அந்த மாதிரிச் சென்சார் கடைகளில் வருவது நின்று பல வருடங்களாகிவிட்டன. பழைய வண்டிகளை உடைக்கும் இடத்தில் ஒரு முழு நாள் குனிந்து தேடி, இரண்டைக் கழற்றிக்கொண்டு வந்தாள். வீட்டு அடுப்பில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, சென்சார்களைப் பிளாஸ்டிக் பையில் கட்டி உள்ளே இறக்கி, மீட்டரை வைத்துப் பார்த்தாள். ஒன்று பத்து நிமிடத்தில் கையை விரித்தது. மற்றொன்று ஒரு மணி நேரமும் அசரவில்லை. கணவர் பாத்திரத்தை எட்டிப் பார்த்து, "உப்பு போட்டியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

நல்லதைப் பொருத்தியபின் அவள் "சரியாயிடுச்சு" என்று சொல்லவில்லை. "இன்னும் நாலு நாள் கூட வர்றேன்" என்றாள். நான்கு நாளும் கார் நிற்கவில்லை. ஐந்தாம் நாள் போக வேண்டிய அவசியம் இல்லை. ஆனாலும் போனாள். பிறகு வியாழக்கிழமைகளில் மட்டும் என்று வைத்துக்கொண்டாள்.

வெயில் காலம் முடிந்து மழைக் காலமும் முடிந்தது. அந்த அம்மாவின் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. ஒரு வியாழக்கிழமை, பின் சீட்டில் வந்து உட்கார்ந்தவளை அவர் வெகுநேரம் மரியாதையோடு பார்த்தார்.

"நீங்க யாருங்க?"

"வண்டி பார்க்கறவங்க."

"நல்லா ஓடுதுங்க" என்றார் அந்த அம்மா. சிறிது நேரத்தில் கண் அயர்ந்து, அவளுடைய தோளில் சாய்ந்து உறங்கிவிட்டார். மீட்டரக்கா மூச்சைக்கூட மெல்ல விட்டாள். வீட்டுக்குத் திரும்பும் முனை வந்தது. வண்டி ஓட்டியவர் கண்ணாடியில் பார்த்தார், வேகத்தைக் குறைத்தார், திரும்பாமல் நேராகவே ஓட்டினார்.