வேட்டியில் விழுந்த கோடுகள்

என் அப்பா கடைசியாக நெய்த வேட்டியைப் பெட்டியிலிருந்து எடுத்து விரித்தான் என் பேரன். வெளிச்சத்தில் குறுக்கே கோடுகள் தெரிந்தன.

சேலத்தில் அப்பா அதை நெய்தபோது எனக்கு எட்டு வயது. நெய்கிறவர் பாதியில் எழுந்துபோய் வந்து தொடர்ந்தால் துணியில் அந்த இடத்தில் கோடு விழும். அப்பா தண்ணீர் குடிக்கவும் ஒன்றுக்குப் போகவும் தறிக்குழியிலிருந்து ஓயாமல் எழுந்தார். வயிறு நிறையச் சாப்பிட்டும் தோள் எலும்பு துருத்தியது. தறிச் சத்தம் நிற்கும்போதெல்லாம் அடுப்படியில் அம்மாவின் கையும் நின்றுவிடும்.

"மிதிக்கக் கால்ல தெம்பில்ல புள்ள" என்பார் அப்பா.

"இதக் குடிங்க, தெம்பு வருமுங்க" என்று அம்மா வெல்லம் கரைத்த பானகத்தைச் சொம்பு நிறையக் கொடுப்பாள். அப்பா குடித்தார், மேலும் இளைத்தார்.

சர்க்கரை ரத்தத்திலேயே தேங்கி, தசைக்குப் போய்ச் சேராமல் அப்பாவின் உடம்பு பட்டினி கிடந்திருக்கிறது என்று பிற்பாடு ஒரு டாக்டர் எனக்கு விளக்கினார். அம்மாவிடம் அதை நான் சொல்லவே இல்லை.

வேட்டியின் கடைசியில் கோடுகள் விரற்கடைக்கு ஒன்றாக நெருங்கியிருந்தன. அதற்குமேல் நெய்யாத வெறும் நூல்தான். பார்த்துவிட்டு எழுந்தேன்.

"எங்க தாத்தா போறீங்க?"

"தண்ணி குடிக்க."

"இப்பத்தான ஒரு சொம்பு குடிச்சீங்க!"