பூஜை முடிந்த பேட்டரி

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை என் எலெக்ட்ரிக் ஸ்கூட்டரின் பேட்டரி சார்ஜ் ஏறவில்லை. எங்கள் செம்பூர் கட்டிடத்தில் வண்டி நிறுத்துமிடத்தில் பிளக் பாயிண்ட் கிடையாது. பேட்டரியைக் கழற்றி மூன்றாவது மாடிக்குத் தூக்கி வந்துதான் சார்ஜ் போடுவேன். வயரைச் செருகினேன். விளக்கு எரியவில்லை. திரும்பச் செருகினேன். ஊதிப் பார்த்தேன். பிறகு, பயந்துபோன புத்திசாலி எவனும் செய்வதைச் செய்தேன்: பேட்டரி வெடிக்கும் வீடியோக்களைப் பார்த்தேன்.

நாலாவது வீடியோவில் என் பேட்டரி பால்கனிக்குப் போய்விட்டது. ஆறாவதில், கீழே பூச்சுவேலைக்குக் கொட்டியிருந்த மணலில் ஒரு வாளி மேலே வந்துவிட்டது. வாளியோடு காவல் நின்றேன். பேட்டரி சில்லென்றுதான் இருந்தது. எனக்குத்தான் வியர்த்தது.

பெட்ரோல் வண்டியே வாங்கலாம் என்று முன்பே சொன்னவள் என் மனைவி. “இன்னிக்குள்ள சரியாகலேன்னா வண்டியை வித்துட்டு, பழையபடி பஸ்ஸுல போங்கோ” என்றாள்.

மணல் வாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். போனில் பேட்டரிகளைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். படிக்கப் படிக்கப் பயத்தை மறந்தே போனேன். லித்தியத்துக்குப் பதில் சோடியம் வருகிறதாம், நம் சமையலறை உப்பில் இருக்கிற அதே சோடியம். உள்ளே இருக்கும் திரவத்துக்குப் பதில் திடப்பொருளை வைத்துப் பார்க்கிறார்களாம். தீப்பிடிக்கும் ஆபத்து குறையுமாம். பேட்டரி செல்களின் விலை வேறு இறங்கிக்கொண்டே வருகிறதாம். மதியச் சாப்பாட்டுக்குள் லித்தியத்தின் காலம் முடிந்தது என்று தீர்மானித்து, என் பேட்டரிக்கு மனதுக்குள் இரங்கல் கூட்டமே நடத்திவிட்டேன்.

சாயங்காலம் டாக்ஸி பிடித்துத் தாராவிக்கு எடுத்துப்போனேன். அங்கே கடை வைத்திருக்கும் திருநெல்வேலிக்காரர், ஓய்ந்த வண்டி பேட்டரிகளைப் பிரித்து, தேறும் செல்களைக் கோத்துத் தையல் பட்டறைகளுக்கு இன்வெர்ட்டர் பேட்டரி செய்து கொடுப்பவர். அவருக்கே நான் சோடியம் பற்றி விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டே சார்ஜர் செருகும் குழிக்குள் டார்ச் அடித்தார்.

“அண்ணாச்சி, இதுக்குள்ள என்னத்த வச்சிய?”

சந்தனம். பூஜையில் பேட்டரியின் நாலு பக்கமும் பொட்டு வைத்தவன், முக்கியமான இடமாயிற்றே என்று அந்தக் குழிக்கும் தாராளமாக வைத்திருந்தேன். உள்ளே பின்களின் மேல் காய்ந்து கல்லாகியிருந்தது.

சுரண்டித் துடைத்துச் செருகினார். விளக்கு எரிந்தது. மீட்டர் வைத்துப் பார்த்து, இன்னும் சில வருஷம் தாராளமாக ஓடும் என்றார். நிம்மதியாக இருந்தது, கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது. அப்படியானால் சோடியம்?

சோதித்துப் பார்க்க வாங்கியிருந்த சோடியம் செல் ஒன்றைக் கையில் கொடுத்தார். அதே சக்திக்கு லித்தியத்தைவிடப் பெரியது, கனமும் கூட. அதையும் பக்கத்தில் கிடந்த லித்தியம் செல்லையும் இரண்டு கையில் மாற்றி மாற்றித் தூக்கிப் பார்த்தேன்.

“வரும் அண்ணாச்சி. மொதல்ல இன்வெர்ட்டருக்கும் ஆட்டோவுக்கும் வரும். அந்தத் திடமா உள்ளது பெரிய கார்க்காரங்களுக்கு. உங்களுக்கு வாரதுக்குள்ள இத ஓட்டித் தீத்துரலாம்.”

அப்போது மனைவி போன் செய்தாள். வண்டியை விற்க வேண்டாம் என்று வெற்றி முழக்கத்தோடு ஆரம்பித்தேன். என்ன கோளாறு என்று கேட்டாள். சொன்னேன். பிறகு போனைக் கடைக்காரரிடம் கொடுக்கச் சொன்னாள். அவர் “சரிக்கா, சரிக்கா” என்று தலையாட்டிக்கொண்டே கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“வண்டி இருக்கட்டுமாம். இனி பூசைக்கு முந்துன நாளே பேட்டரிய இங்க கொண்டாந்து வச்சிரணும்னு சொல்லுதாவ.”