மணி ஓயுமுன் போன சால்வை

அந்த மஞ்சள் சால்வையை மறுபடி நான் கண்டது போன் திரையில். மூடுபனி இறங்கி எதிர்மலை காணாமல் போயிருந்த ஒரு பின்னேரம். எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயிலின் பேஸ்புக் பக்கத்தில், வெள்ளைச் சுவரில் தொங்கவிட்டு அதைப் படமெடுத்துப் போட்டிருந்தார்கள். ஓரத்தில் சிவப்பு நூல் தையல். அப்பா தன் கையால் போட்ட கோணல் தையல் அது.

கோயிலின் பழைய மண்டபத்தை இடிக்கப் போகிறார்கள். அதற்குள் கிடந்த நாடகச் சாமான்களை இணையத்தில் ஏலம் விட்டு, மண்சரிவில் வீடிழந்த தோட்டக் குடும்பங்களுக்குக் கொடுப்பதென்று பங்கு இளைஞர்கள் முடிவெடுத்திருந்தார்கள். பிஸ்கட் டின்னை வெட்டிச் செய்த சேவகர் தலைக்கவசம், வானதூதர் வேஷத்துக்குக் கோழியிறகு ஒட்டிய சம்மனசுச் சிறகு, ஆளுநர் கைகழுவிய எனாமல் பேசின் என்று ஒவ்வொன்றாக வந்தன. பார்க்கப் பார்க்க, பெரிய வெள்ளிக்கிழமையின் மெழுகுதிரி வாசம் வீட்டுக்குள் வந்துவிட்டது மாதிரி இருந்தது. தேநீர் ஆறிப்போனதே எனக்குத் தெரியவில்லை.

வருஷா வருஷம் அந்த மண்டபத்தில் பாஸ்கு போடுவோம். ஆண்டவரின் பாடுகளை நடித்துக் காட்டும் நாடகம். அப்பா பன்வில தேயிலைத் தோட்டத்திலிருந்து கண்டிக்கு வந்து ஒரு கடையில் கிளார்க்காகச் சேர்ந்தவர். சீடர் வேஷங்களையெல்லாம் டவுன்காரர்கள் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொண்டார்கள். யாருக்கும் வேண்டாத ஒன்றுதான் மிஞ்சியது. ஆண்டவரை முத்தமிட்டுக் காட்டிக்கொடுப்பவன் வேஷம். தோட்டத்தானுக்கு அதுபோதும் என்று நினைத்திருப்பார்கள். அப்பா சந்தோஷமாக வாங்கிக்கொண்டார். வயதாகிக் குரல் உடையும்வரை அவரைத் தவிர வேறு யாரும் அதைச் செய்யவில்லை.

காட்டிக்கொடுத்த அந்த ஆளின் பெயரையே அம்மா வீட்டுக்குள் சொல்லவிடமாட்டார். அவன் உடுப்பு வீட்டுப் படி ஏறக்கூடாது என்பது எங்கள் பங்கில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். மற்றவர்களின் உடுப்புகள் மண்டபத்து அலுமாரிக்குள் மடித்து வைத்திருக்கும். அந்தச் சால்வை மட்டும் தனியாகக் கதவுக்குப் பின்னால் தொங்கும். நாடகம் முடிந்த மறுநாள் அப்பாவே அதை மண்டபத்துக் குழாயடியில் துவைத்து, பின்பக்கக் கம்பியில் காயப்போட்டுவிட்டு வருவார். கண்டி மழையை நம்ப முடியுமா? அரைமணிக்கொரு தடவை வாசலுக்கு வந்து வானத்தைப் பார்ப்பார்.

இப்போது அம்மா இல்லை. அப்பாவுக்கு ஞாபகம் பிசகிவிட்டது. சில நாள் நான் அவருக்கு மகள், சில நாள் தங்கச்சி, சில நாள் தபால் கொடுக்க வந்த பெண். ஆனால் தூறல் விழுந்தால் போதும், கதிரையிலிருந்து எழும்பப் பார்ப்பார்.

"சால்வை நனையுதும்மா. யாராச்சும் எடுத்தாங்களா?"

எடுத்தாச்சு என்று சொன்னால் காட்டு என்பார். என்னுடைய மஞ்சள் துப்பட்டாவை ஒருநாள் கொண்டுவந்து கொடுத்தேன். ஓரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, என்னைத் திருடியைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். அதற்குப் பிறகு மழை வந்தால் எனக்குப் பயம். இந்த ஊரில் மழைக்குப் பயந்தவள் எங்கே போய் இருப்பது?

அதனால்தான் அந்தப் படத்தைக் கண்டதும் முடிவு செய்துவிட்டேன். என்ன விலையானாலும் சால்வை இந்த வீட்டுக்கு வரவேண்டும். அம்மா பரலோகத்திலிருந்து திட்டினால் திட்டட்டும்.

விலையைப் படத்துக்குக் கீழே எழுத வேண்டும். கோயிலில் மூன்று வேளையும் செபத்துக்கு அடிக்கிற திரிகால மணி, ஞாயிறு மாலையில் அடித்து ஓயும்வரை வருகிற விலை செல்லும் என்று போட்டிருந்தார்கள். எழுதினேன். நான் எழுதிய கொஞ்ச நேரத்திலேயே அதற்கு மேல் ஒரு விலை வந்தது. ஒரு ரோஜாப்பூப் படம், கலகெதரப் பக்கத்து ஏதோ கடையின் பெயர். நான் கூட்டினேன், ரோஜாவும் கூட்டியது. குருநாகல் ரோட்டில் வெள்ளைக்காரர்களுக்கு முகமூடியும் பழைய சாமானும் விற்கிற கடையாகத்தான் இருக்குமென்று நினைத்தேன். எங்கள் அப்பாவின் சால்வையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து எவனுக்கோ தலையில் கட்டப் போகிறார்கள்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஞாயிறு முழுக்க போனைக் கையை விட்டுக் கீழே வைக்கவில்லை. பருப்பு அடிப்பிடித்தது, அதையும் ரோஜாவின் கணக்கிலேயே எழுதினேன்.

சாயங்காலம் என் விலைதான் மேலே நின்றது. மலையெல்லாம் சாம்பல் நிறத்தில் கரைந்துகொண்டிருந்தது. மூடுபனிக்குள்ளிருந்து மணி அடிக்கத் தொடங்கியது. மணி கேட்டால் கையில் இருப்பதை வைத்துவிட்டு எழுந்து நிற்கவேண்டும் என்று நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து பழக்கிவிட்டார்களே. போனைக் கவிழ்த்து வைத்தேன். எழுந்தேன், சிலுவை போட்டேன், கண்ணை மூடிச் செபம் சொன்னேன். அப்பாவும் கதிரையில் இருந்தபடியே உதட்டை அசைத்தார். மூன்று தடவை அடித்து, நீளமாக அடித்து, மணி ஓய்ந்தது. அந்தச் சில நிமிஷம் வீடே மேகத்தில் மிதந்தது.

கண்ணைத் திறந்து போனைத் திருப்பினேன். ரோஜா என்னைத் தாண்டியிருந்தது. அதற்குக் கீழே இளைஞர்கள் 'ஏலம் முடிந்தது, நன்றி' என்று கைகூப்பியிருந்தார்கள். நான் செபம் சொல்லித் தோற்றேன். அன்றைக்கு நான் அழுதேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

ஆத்திரம் அடங்காமல் ரோஜாவுக்குத் தனியாக எழுதினேன். இது என் அப்பா போட்டு நடித்த சால்வை, உங்கள் கடையில் மாட்ட வேறொன்றும் கிடைக்கவில்லையா, மணி அடிக்கும்போது செபம் சொல்லாத வீடும் உண்டா என்று. அனுப்பிய கையோடு போன் அடித்தது. வயதான ஆண்குரல்.

"தங்கச்சி, அண்ணே உசுரோட இருக்காரா?"

பாஸ்குவில் ஆண்டவர் வேஷம் போட்டவர் அவர், அப்பாவை அண்ணே என்பார். கலியாணம் முடித்துக் கலகெதரவுக்குப் போய் ஆணி, பெயின்ட் விற்கும் கடை வைத்திருக்கிறார். எங்கள் வீட்டில் சாவு என்று யாரோ சொன்னதைக் கேட்டு, போனது அம்மா என்று தெரியாமல், அப்பாவென்று இத்தனை காலம் நினைத்திருக்கிறார். அங்கே கோயில் மணி கேட்காது, கடிகாரத்தைப் பார்த்துத்தான் விலை போட்டேன் என்றார். எதற்காக அந்தச் சால்வை என்று கேட்டேன். ஒவ்வொரு வருஷமும் மேடையில் முத்தம் கொடுக்கும்போது அப்பா அவர் காதில் ஒன்று சொல்வாராம். என்னவென்று கேட்டதற்கு, வந்து சொல்கிறேன் என்று வைத்துவிட்டார்.

அடுத்த நாளே பஸ்ஸில் வந்தார், தாடி நரைத்துப்போய், மழையில் தோள் நனைந்து. பொலித்தீனில் சுற்றியிருந்த சால்வை மட்டும் நனையவில்லை. அப்பாவுக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. சால்வையை மடியில் வைத்ததும் விரல்கள் தாமாக ஓரத்துக்குப் போயின. கோணல் தையலில் நின்றன.

"காஞ்சிருச்சு," என்றார் அப்பா.

வந்தவர் அதை விரித்து அவர் தோளில் போட்டுவிடக் குனிந்தார். அப்பா அவருடைய முகத்தை இரண்டு கையாலும் பிடித்தார். கன்னத்தில் முத்தமிட்டார். அந்த உடைந்த குரல் எனக்கும் கேட்டது.

"கதவுக்குப் பின்னால கஞ்சி வச்சிருக்கேன் தம்பி. ஆறிப்போறதுக்குள்ள குடிச்சிரு."

வந்தவர் அப்பாவின் காலடியில் உட்கார்ந்தார். ஆண்டவர் வேஷம் போடுகிறவர் நாடகத்தன்று நோன்பிருந்து, விடிந்ததிலிருந்து பச்சைத்தண்ணிகூடக் குடிக்கமாட்டாராம். சிலுவையைத் தூக்கும்போது மயக்கம் வருமாம். இதைத்தான் அண்ணே ஒவ்வொரு வருஷமும் சொல்லுவாரு என்று அழுதுகொண்டே சொன்னார். மண்டபம் முழுக்க அப்பாவைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த நேரத்தில், அந்தச் சால்வை தொங்குகிற கதவுக்குப் பின்னால் கஞ்சிப் பாத்திரம் ஒன்று மூடியபடி இருந்திருக்கிறது.

வெளியே மழை வலுத்தது. அப்பா வானத்தைப் பார்க்கவில்லை. கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் குசினிக்குப் போய்க் கஞ்சிக்கு அரிசி கழுவினேன். காட்டிக்கொடுத்தவன் என்ற பெயரைச் சுமந்த மனுஷன், பொய் சொன்னார் என்றும் ஆகக்கூடாது.