நண்டுக் கடை வாசலில் புட்டு

அமெரிக்காவிலிருந்து திரும்பி வேலைக்குப் போன முதல் நாள். பக்கத்து மேசை மார்கரெட் தேநீரோடு வந்து உட்கார்ந்தார். பதினேழு நாள் போனாயே... என்ன பார்த்தாய், என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார்.

என்னத்தைச் சொல்வது? பார்த்தது ஒன்பது வீட்டு வரவேற்பு ஹோல். சாப்பிட்டது புட்டு, இடியப்பம், ஆட்டிறைச்சிக் கறி. லண்டனில், நான் இருக்கிற இல்ஃபோர்டில் பஸ் ஏறாமலே கிடைக்கிற சாப்பாடு. நல்ல இடம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

எங்கள் ஆட்களிடம் விருந்தாளியாகப் போனவர்களுக்கு இது தெரிந்திருக்கும். ஒரு வீட்டில் மத்தியானம் என்றால் இன்னொரு வீட்டில் இரவு. ஒன்றைத் தவறவிட்டாலும் போச்சு — "அவையின்ர வீட்டில சாப்பிட்டனீங்கள், எங்கட வீட்டில கை நனைக்கேல்லை" என்று காலம் முழுக்கக் கேட்க வேண்டிவரும். சாப்பிட்டு முடிய கலியாண வீடியோ. நான் நேரில் போன கலியாணத்தையே நியூ ஜெர்சியில் மூன்று மணி நேரம் திரும்பப் பார்த்தேன். அதிலும் நான் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தேன். உண்மையாகவே களைத்துப்போனேன்.

ஒரே ஒரு நாள்தான் பகலில் விருந்தில்லாமல் ஒழிந்தது. அப்போது மேரிலாந்தில் என் மனைவியின் தம்பி யோகன் வீட்டில் நின்றோம். கடைகளுக்குப் பேக்கரிப் பாண் கொண்டுபோய் இறக்குகிற வான் ஓடுகிறவன். அதிகம் பேசமாட்டான். அன்றைக்கு அவனாகவே வந்து சொன்னான்.

"அத்தான், நாளைக்கு உங்களை ஒரு இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போறன். எங்கட ஆக்கள் ஒருத்தரும் இல்லாத ஊர்."

விடிய எழும்பிப் பார்த்தால் குசினியில் ஆவி பறக்கிறது. யோகனின் மனைவி ராஜி புட்டு அவித்து, கத்தரிக்காய்ப் பொரியலும் முட்டைப் பொரியலும் கட்டிக்கொண்டிருந்தாள்.

"அங்க போய் என்னத்தைச் சாப்பிடுறது அண்ணை? வெள்ளைக்காரரின்ர இடம்," என்றாள்.

யோகன் சாப்பாட்டுப் பெட்டியைத் தூக்கிக் காரில் வைத்தான்.

மூன்று மணி நேர ஓட்டம். கடலுக்குக் குறுக்கே ஒரு நீளப் பாலம். அதைத் தாண்டி, வரைபடத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு தேட வேண்டிய ஒரு சின்ன ஊர். ஒரு சேர்ச், ஒரு பெற்றோல் செட், இருபது முப்பது படகு. கரையில் ஒரு மரக் கொட்டகை. உள்ளே நீள மேசைகளில் பழுப்புக் கடதாசி விரித்து, அவித்த நண்டை அப்படியே கொட்டுகிறார்கள். சனங்கள் மரச் சுத்தியலால் உடைத்து உடைத்துச் சாப்பிடுகிறார்கள். தட்டும் இல்லை, முள்ளுக்கரண்டியும் இல்லை. வெள்ளைக்காரர் இவ்வளவு சந்தோஷமாகக் கையால் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

நாங்கள் எங்கே சாப்பிட்டோம்? வெளியே, கார் டிக்கியைத் திறந்துவைத்து, நின்றபடி... புட்டு.

சாப்பிட்டு முடிய யோகன் என் பக்கத்தில் வந்து நின்றான்.

"அத்தான், உள்ள போவமே? கொஞ்சம் சாப்பிட்டுப் பாப்பம்."

"இப்பதானே வயிறு முட்டச் சாப்பிட்டது."

"எட்டு வருசமா பாண் வானோட இதால போறன். ஒருநாளும் உள்ள போகேல்லை. எல்லாரும் குடும்பம் குடும்பமா இருந்து சாப்பிடுதுகள்... தனிய எப்பிடிப் போய் இருக்கிறது? அதுதான் வாற சொந்தக்காரர் எல்லாரையும் இங்க கூட்டிக்கொண்டு வாறனான்."

"அவையள் உள்ள வரேல்லையோ?"

"அவையளும் புட்டுத்தான்."

வயிற்றில் இடமில்லை என்பது உண்மை. ஏழு மணிக்கு இன்னொரு வீட்டில் சாப்பாடு என்பதும் உண்மை. என் மனைவி அதற்குள் காரில் ஏறிவிட்டாள். "நண்டு எண்டால் வாங்கி வீட்டில சமைக்கலாம்தானே. வாங்கோ, நேரமாகுது," என்றாள்.

ஒரு நண்டைக் கடித்திருந்தால் உயிர் போயிருக்காது. நானோ அவன் தோளில் தட்டி, "அடுத்த முறை பாப்பம் யோகன்," என்றேன்.

"ஓம் அத்தான்," என்று சொல்லி டிக்கியைச் சாத்தினான்.

நாங்கள் ஊர் பார்க்கப் போவதில்லை, சொந்தம் பார்க்கத்தான் போகிறோம். அதில் பிழையில்லை. ஆனால் அந்தச் சொந்தக்காரன் எப்படிப்பட்ட ஊரில், என்ன ஆசையோடு இருக்கிறான் என்று யார் பார்க்கிறோம்? அதைக் காட்டத்தான் அவன் மூன்று மணி நேரம் கார் ஓட்டியிருக்கிறான். லண்டனுக்கு வந்த பிறகுதான் எனக்கு இது உறைத்தது. வெட்கமாக இருந்தது.

போன ஞாயிறு யோகன் போன் எடுத்தான்.

"அத்தான், நான் உள்ள போனன்."

"எங்க?"

"நண்டுக் கடைக்கு. வேலையால வரேக்க. தனியத்தான்."

"எப்பிடி இருந்தது?"

"நல்ல ருசி. மிளகாய்த்தூள் கொஞ்சம் காணாது. யோசிக்காம ஒரு டசின் சொல்லிப்போட்டன். ஆறுக்கு மேல ஏலேல்லை. மிச்சத்தை வீட்ட கொண்டுவந்தன்... ராஜி தேங்காய்ப்பால் விட்டுக் குழம்பு வைச்சிட்டா."

அவன் சிரித்தான். நானும் சிரித்தேன்.

அந்த மிச்ச ஆறும் நான் சாப்பிட்டிருக்க வேண்டியவை.