வங்கிச் சன்னலுக்கு மேலே ஒரு மாலை

இன்று காலை ஈப்போ பழைய நகரத்தில், அந்தப் பழைய வங்கிக் கட்டடத்தின் எதிரே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

உயரமான தூண்களுக்கு நடுவே, ஒவ்வொரு சன்னலுக்கு மேலும் சுண்ணாம்பில் செய்த பூமாலை, நுனியில் குஞ்சத்தோடு தொங்குகிறது.

வாசலில் நின்ற காவலாளி சந்தேகத்தோடு சாலையைக் கடந்து வந்தார்.

“என்னக்கா, ரொம்ப நேரமா பாக்குறீங்க?”

“சன்னலுக்கு மேல மாலை இருக்கு, பாருங்கண்ணே.”

திரும்பிப் பார்த்தார்.

“அட! பதினோரு வருசமா இங்கதான் வேலை. பார்த்ததே இல்ல லா!”

எப்படிப் பார்ப்பார்? கட்டடத்துக்கு முதுகைக் காட்டி நிற்பதுதானே அவர் வேலை.

“வெள்ளைக்காரனும் குஞ்சம் வச்சுத்தான் கட்டிருக்கான்க்கா!”

இருவரும் சிரித்தோம். அதற்குள் உள்ளேயிருந்து யாரோ கூப்பிட, ஓடிவிட்டார்.

என் கணவர் இறந்து மூன்று வருடமாகிறது. “அதோ பாருங்க” என்று அதன்பிறகு நான் யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல வீட்டில் ஆளில்லை. இன்றுதான் சொன்னேன்.

தூண்களின் தலையில் சுருள் சுருளாக இலைகளும் இருக்கின்றன. அவற்றைக் காவலாளி அண்ணனிடம் காட்ட நேரமில்லாமல் போய்விட்டது.

நாளை எனக்கு அந்த வங்கியில் ஒரு வேலையும் கிடையாது. போவதற்கு நம்பும்படியான காரணம் ஒன்று யாராவது கீழே எழுதுங்களேன்.